பழைய டிரான்ஸ் கேட்கச் செலியமேடு போன ஞாயிறு

மின்னணு நடன இசையில் பழையது உசத்தியா புதியது உசத்தியா என்ற சண்டை எங்கள் வீட்டில் இரண்டு வருடமாக நடக்கிறது. நான் பழைய கட்சி. என் மகள் மது, பன்னிரண்டாம் வகுப்பு படிப்பவள், புதிய கட்சி. என் காலத்து டிரான்ஸ் பாட்டுகள் ஒன்பது நிமிடம், பதினொரு நிமிடம் போகும். ஒரு தாளத்தைப் போட்டு, மெல்ல மெல்ல ஒவ்வொரு ஒலியாகச் சேர்த்து, நம்மைக் காக்க வைத்துப் பிறகுதான் உச்சத்துக்குக் கொண்டுபோகும். மதுவின் பாட்டுகள் இரண்டரை நிமிடத்தில் முடிந்துவிடும். முப்பதாவது நொடியிலேயே இடி விழும். பொறுமை இல்லாத இசை என்பேன். "உன்னோடது பஸ்ஸுக்குக் காத்திருக்கிற மாதிரிம்மா" என்பாள் அவள்.

இரண்டு மாதங்களுக்கு முன் அவள் காட்டிய ஒரு பாட்டைக் கேட்டு, "கம்பளிக்குள்ள வச்சு அடிச்ச மாதிரி இருக்கு. மேல ஒண்ணுமே இல்ல" என்றேன். அவள் சிரிக்கவில்லை. "மேல சலங்கை மாதிரி ஒண்ணு முழுக்க ஓடிக்கிட்டே இருக்கேம்மா. நெஜமாவே கேக்கலையா?" என்றாள். கேட்கிறது என்று பொய் சொன்னேன்.

என் அப்பாவுக்கு ஐம்பதைத் தாண்டியதும் காது போனது. அவர் அதை ஒத்துக்கொள்ளவே இல்லை. "இப்பல்லாம் எல்லாரும் முனகுறானுங்க" என்று ஊரைக் குறை சொன்னார். கடைசிப் பத்து வருடம் கல்யாண வீடுகளில் எல்லோரையும் பார்த்து ஒரே மாதிரி சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எனக்கு நாற்பத்து நான்கு வயது. கல்லூரியில் வேதியியல் எடுக்கிறேன். கடைசி வரிசைப் பெண்கள் முனகுகிறார்கள் என்று போன வருடம் முதல் நானும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

காது மருத்துவரிடம் முன்பதிவு செய்தேன், போகவில்லை. மறுபடி செய்தேன், அன்றும் போகவில்லை. வீட்டில் பழைய பாட்டுகளைப் போட்டுப் பார்த்தாலே தெரிந்துவிடும், அவையும் கம்பளிக்குள் கேட்டால் கோளாறு இசையில் இல்லை. அதனால் அவற்றைப் போடவும் இல்லை. அப்போதுதான் செலியமேட்டுப் பக்கம் ஒரு தென்னந்தோப்பில் மாதம் ஒரு ஞாயிறு பகல் நடனம் நடக்கிறது என்ற அறிவிப்பு கண்ணில் பட்டது. காலை பத்திலிருந்து ஒரு மணி வரை பழைய டிரான்ஸ், சாப்பாட்டுக்குப் பின் புதியவை. நுழைவு ஐந்நூறு ரூபாய், மதியச் சாப்பாடு உட்பட. பெரிய பெட்டிகளில் கேட்டால் சரியாகக் கேட்கும் என்று எனக்கு நானே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டேன். கல்லூரி நாட்களில் மூலக்குளத்தில் ஒரு தோழியின் மொட்டை மாடியில் ஞாயிறுதோறும் போட்டு ஆடிய பதினொரு நிமிடப் பாட்டு ஒன்றைப் பென் டிரைவில் எடுத்துக்கொண்டேன். அதன் ஒவ்வொரு நொடியும் எனக்குத் தெரியும்.

விழுப்புரம் பேருந்து நிலையத்தில் காலை ஏழு இருபதுக்குப் புதுச்சேரி வண்டி. ஞாயிறு என்பதால் ஜன்னல் சீட்டு கிடைத்தது. எட்டு இருபத்தைந்துக்கு வில்லியனூரில் இறங்கினேன். டிக்கெட் முப்பத்தைந்து ரூபாய். நேராகப் புதுச்சேரி போய் அங்கிருந்து பாகூர் பஸ் பிடிப்பவர்கள் உண்டு. அது சுற்று, ஒரு மணி நேரம் கூட ஆகும். வில்லியனூரிலிருந்து ஏம்பலம் வழியாக ஆட்டோவில் போவதே மேல். பதினான்கு கிலோமீட்டர், முந்நூற்றைம்பது ரூபாய். நானூறில் ஆரம்பித்தார்கள்.

ஏம்பலம் தாண்டியதும் இருபுறமும் கரும்பு, அதற்கப்பால் நடவு முடிந்த வயல்கள். ஓட்டுநர் திரும்பித் திரும்பி ஏதோ பேசிக்கொண்டே வந்தார். என்ஜின் சத்தத்தில் எனக்குப் பாதி விளங்கவில்லை. சிரித்துத் தலையாட்டினேன். சட்டென்று அவர் வண்டியை ஓரம் கட்டினார்.

"இன்னாம்மா, ரெண்டு தபா கேட்டன், சிரிக்கிறியே தவிர பதில காணோம். அந்த டான்ஸ் தோப்புக்குத்தான? இல்ல ஊருக்குள்ளயா?"

தோப்புக்கு என்றேன். கண்ணாடியில் என் முகம் தெரிந்தது. உதட்டில் அப்பாவின் சிரிப்பு அப்படியே இருந்தது. அந்த இடத்திலேயே திரும்பிப் போய்விடலாமா என்று தோன்றியது.

ஒன்பது பத்துக்குத் தோப்பை அடைந்தேன். கேட்டில் பெயரைக் குறித்துக்கொண்டு உள்ளே விட்டார்கள். ஆட வந்தவர்கள் யாருமில்லை. தென்னைகளுக்கு நடுவே ஒலிபெருக்கிப் பெட்டிகளை அடுக்கி ஒரு கணவனும் மனைவியும் சோதித்துக்கொண்டிருந்தார்கள். சேவியருக்கு ஐம்பது வயதிருக்கும், ரோசலினுக்கு அதைவிடப் பத்து வயது குறைவு. வில்லியனூர் பக்கம் ஒரு மாதாகோயில் ஊர். திருவிழா, கல்யாணம், இந்த நடனம் எல்லாவற்றுக்கும் சவுண்ட் சர்வீஸ் இவர்கள்தான்.

பெட்டியடுக்கின் கீழே பேஸ், நடுவில் குரல், உச்சியில் மெல்லிய ஒலிகளுக்கான ட்வீட்டர். அதை இவர்கள் டாப்பு என்கிறார்கள். சேவியர் ஒலியைக் கூட்டிக் குறைக்கும் மிக்சரின் முன் இருந்தார். ரோசலின் ஒரு ஸ்டூலில் ஏறி டாப்பருகே காதை வைத்து நின்றார். ஒலி கேட்டால் கையைத் தூக்குவார், அதிகமானால் இறக்குவார். அந்தக் கையைப் பார்த்துத்தான் சேவியர் பொத்தானைத் திருகினார்.

நீங்களே கேட்டு வைக்க மாட்டீர்களா என்று சேவியரிடம் கேட்டேன். ரோசலின் முந்திக்கொண்டார். "அவருக்கு டாப்பு கேக்காதுக்கா. இருவது வருசமா பாக்ஸ் பக்கத்துலயே நின்னு காது பூட்ச்சி. நான் கூப்ட்டாலும் கேக்காது. சோறு ஆயிட்ச்சின்னா மட்டும் தெருக்கோடில இருந்து ஓடியாருவாரு."

"அது மூக்குடி" என்றார் சேவியர். பிறகு என்னிடம், "ரெண்டு வருசம் யார்கிட்டயும் சொல்லல மேடம். தொழில் பூடுமேன்னு பயம். எனக்குக் கேக்கலன்னு டாப்ப ஏத்திக்கினே இருப்பன். ஒரு திருநாள்ல சாமியாரே பிரசங்கத்த நிறுத்திட்டுக் காதப் பொத்திக்கினாரு. கொழந்தைங்கல்லாம் ஒரே அழுவை. நான் மட்டும் இன்னும் பத்தலயேன்னு திருகினுகிறன்."

ரோசலின் விழுந்து விழுந்து சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பென் டிரைவை நீட்டி, இதைக் கொஞ்சம் போட முடியுமா என்றேன். "தாராளமா. இதுலயே செக்கிங் முடிச்சிடலாம்" என்றார் சேவியர்.

பெட்டிகளுக்கு நேரே பத்தடியில் நின்று கண்ணை மூடிக்கொண்டேன். தாளம் தொடங்கியது. தரை வழியாகக் காலில் ஏறியது. இரண்டாவது நிமிடத்தில் மெட்டு வந்தது, மூடிய கதவுக்குப் பின்னாலிருந்து பாடுவது போல. பரவாயில்லை என்று நினைத்துக்கொண்டேன். நான் காத்திருந்தது நான்காவது நிமிடத்துக்கு. அங்கே எல்லாம் நின்றுவிடும். அந்த அமைதிக்குள் தொலைவிலிருந்து மெல்லிய உலோக ஒலி ஒன்று மட்டும், சிக், சிக், சிக் என்று நெருங்கி வரும். மொட்டை மாடியில் நாங்கள் ஏழு பேரும் ஆடாமல் நின்று கேட்ட இடம் அது.

எல்லாம் நின்றது. வந்தது. சிக், சிக், சிக். துல்லியமாக, ஊசி முனை போல, இடமும் வலமும் மாறி மாறி. அப்பாடா என்றிருந்தது. ரோசலின் செய்வது போல நானும் கையைத் தூக்கினேன்.

"இன்னாக்கா கையத் தூக்குற?" என்றார் ரோசலின். "டாப்பு ஒயர மாத்தக் கழட்டினன், இன்னும் திருப்பிக் குத்தல. கீழ் பாக்ஸ் மட்டுந்தான் ஓடுது."

கண்ணைத் திறந்தேன். கறுப்பு ஒயர் ஒன்று அவர் கையில் தொங்கிக்கொண்டிருந்தது. தோப்பில் காக்கை சத்தம் தவிர ஒன்றுமில்லை. என் தலைக்குள் மட்டும் அது இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

உட்கார்ந்துவிட்டேன். ரோசலின் இறங்கி வந்து தண்ணீர் பாட்டிலைக் கொடுத்தார். இரண்டு மாதமாக யாரிடமும் சொல்லாததை முன்பின் தெரியாத அந்த இருவரிடம் சொன்னேன். சேவியர் ஒயரைக் குத்தி, பாட்டை நான்காவது நிமிடத்துக்குத் தள்ளினார். ரோசலின் என்னை டாப்பருகே நிறுத்தினார். அவர் கை உடனே மேலே போனது. எனக்குக் கேட்டதா, நினைவிலிருந்து வந்ததா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. எனக்கு அதுதான் எல்லாவற்றையும் விடப் பெரிய பயமாக இருந்தது.

"ஒனக்குத் தெரியாத பாட்டு போட்டாத்தான் தெரியும்" என்றார் ரோசலின். மதியத்துக்கு வைத்திருந்த புதிய பாட்டு ஒன்றைச் சேவியர் போட்டார். வலது காதை ஒரு சாண் தூரத்தில் வைத்தபோது ஏதோ சன்னமாக உரசியது. இடது காதில் ஒன்றுமே இல்லை.

"மேல ஏதாச்சும் இருக்கா?"

"ஐயோ, கொட்டுதுக்கா. தகரத்துல தூறல் வுழற மாதிரி. இப்ப இந்தாண்ட, இப்ப அந்தாண்ட." என் மணிக்கட்டைப் பிடித்து, தான் கேட்பதை விரல் நுனியால் தட்டிக் காட்டினார். வேகமாக, இரண்டும் மூன்றுமாகப் பின்னிய தட்டல். பொறுமை இல்லாத இசை என்று இரண்டு வருடம் நான் திட்டியதில் இவ்வளவு நுணுக்கமான வேலை இருந்திருக்கிறது. பழைய பாட்டுகளில் என் காது தவறவிட்டதை ஞாபகம் நிரப்பிக் கொடுத்தது. புதியவற்றில் நிரப்ப என்னிடம் எதுவும் இல்லை.

பத்து மணிக்கு மேல் கூட்டம் சேர்ந்தது, நாற்பது பேர் இருக்கலாம், பாதிப் பேர் என் வயது. நான் ஆடவில்லை. காதில் பஞ்சடைப்பான் வைத்துக்கொண்டு ஒரு மரத்தில் சாய்ந்து நின்றேன். ஒவ்வொரு பாட்டிலும் இது கேட்கிறதா, கேட்பதாக நினைக்கிறேனா என்றே மனம் ஓடியது. மதியம் சாம்பார் சாதம், உருளைக்கிழங்கு, மோர். ருசி நன்றாக இருந்ததாக மற்றவர்கள் சொன்னார்கள். இரண்டு மணிக்குக் கிளம்பிப் பாகூருக்கு ஆட்டோ, நூறு ரூபாய். அங்கிருந்து புதுச்சேரிக்கும் விழுப்புரத்துக்கும் பஸ் மாறி, ஐந்தரைக்கு வீடு. மதுவிடம் அன்றே சொல்லிவிட்டேன். செவ்வாய்க்கிழமை அவள்தான் என்னை மருத்துவரிடம் கூட்டிப்போனாள்.

இரண்டு காதிலும் மேல் சுருதிகள் போயிருக்கின்றன, இடதில் அதிகம். பரம்பரை பெரும்பங்கு இருக்கலாம், மொட்டை மாடியும் கொஞ்சம் சேர்த்திருக்கலாம் என்றார் மருத்துவர். போனது திரும்பாது, ஆனால் கருவி உதவும்.

போக நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். கழிப்பறை ஒன்றுதான், சுத்தமாக இருக்கிறது. தோப்பில் செல்போன் சிக்னல் விட்டுவிட்டு வரும். அதனால் திரும்பும் ஆட்டோவை முன்பே பேசி வையுங்கள், மூன்று மணிக்கு மேல் கிடைப்பது கஷ்டம். பஞ்சடைப்பான் எந்த மருந்துக் கடையிலும் கிடைக்கும், சின்ன வயதுக்காரர்களும் வைத்துக்கொள்ளுங்கள். பெட்டிக்கு முன்னால் நிற்காதீர்கள், பக்கவாட்டில் இருபதடி தள்ளி நில்லுங்கள். இந்தக் காலத்துப் பாட்டில் ஒன்றுமில்லை என்று சமீபமாக உங்களுக்கும் தோன்ற ஆரம்பித்திருந்தால், அதை யாரிடமும் வாதம் செய்வதற்கு முன் ஒரு தடவை காதைச் சோதித்துக்கொள்ளுங்கள். நான் முதல் முன்பதிவிலேயே போயிருக்க வேண்டியது.

கருவி அடுத்த வாரம் வருகிறது. முதலில் மதுவின் பாட்டுகளைத்தான் போடச் சொல்லப் போகிறேன். அவற்றைக் கேட்டால் காதால்தான் கேட்க முடியும், ஞாபகம் குறுக்கே வராது. அந்தப் பதினொரு நிமிடப் பாட்டை மட்டும் கருவியோடு கேட்க எனக்குத் தைரியமில்லை. வேறு ஏதோ ஒன்று கேட்டுவிட்டால் பழையது அழிந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது. ஒயர் குத்தாத பெட்டியின் முன்னால், கண்ணை மூடி நின்று கேட்டதே அதை நான் கேட்ட கடைசித் தடவையாக இருந்துவிட்டுப் போகட்டும். அவ்வளவு தெளிவாக இருந்தது.