பெயிண்டர் கையில் ஒரு மேகம்

வெளிச்சுவர் பெயிண்டருக்கு மழையோடு இருபத்தாறு வருடப் பகை. விடிந்ததும் பல் தேய்க்கும் முன்பே ஜன்னலைத் திறந்து வானத்தை ஒரு முறை முறைப்பார். ஒரு தடவை நாலு மாடிப் பள்ளிக்கூடத்தை அடித்து முடித்துச் சாரத்தைவிட்டு இறங்கிய அரை மணியில் கொட்டித் தீர்த்தது. அத்தனை பெயிண்டும் கோடு கோடாய் வழிந்து தரைக்கு வந்து சேர்ந்தது. கூட வேலை செய்பவர்கள் அவரிடம் மழை என்றே சொல்வதில்லை. "அண்ணே, அது வருது" என்பார்கள்.

அவர் மனைவிக்கு மழை பெய்ய வைப்பதுதான் பொழுதுபோக்கு. போனில் ஒரு விளையாட்டு. நாற்பது வீடு, நடுவில் ஓர் ஏரி. மேகத்தைத் தொட்டால் மழை, சூரியனைத் தொட்டால் வெயில். தொட்டுவிட்டு வேலையைப் பார்க்கப் போனாலும் அது பாட்டுக்கு நடக்கும். ஏழு மாதத்தில் ஏரி கரையைத் தொட நாலு விரல்தான் பாக்கி. நிரம்பினால் அடுத்த தீவு திறக்கும். அந்த நேரம் பார்த்து அவளுக்குக் கண்ணில் புரை ஆபரேஷன். ஒரு வாரம் போனைத் தொடக் கூடாது என்றார் டாக்டர்.

"காலையில ஒரு தடவை, சாயந்திரம் ஒரு தடவை மேகத்தைத் தொடுங்க. அது போதும். ஏரி நிரம்பிடணும்."

"இதென்ன மலையைப் புரட்டுற வேலையா? குடு."

மறுநாள் காலை விளையாட்டைத் திறந்தால் ஊர் முழுக்க அடைமழை. நாற்பது வீட்டுச் சுவரும் நனைந்து, நிறம் வெளுத்து நின்றன. மேகத்துக்குப் போன அவர் விரல் சூரியன் மேல் போய் உட்கார்ந்தது.

"பெய்யுதா?" என்றாள் படுக்கையிலிருந்து.

"பெய்யுது."

"எவ்வளவு?"

"பெய்யுற அளவுக்கு."

மூன்றாம் நாள், வெயில் சேரச் சேர விளையாட்டு வீடுகளுக்குப் போனிலேயே பெயிண்ட் அடிக்கலாம் என்று கண்டுபிடித்தார். பட்டி பார்க்காமல், பிரைமர் இல்லாமல் நேரே கலர் அடிப்பது அவருக்குப் பிடிக்கவில்லைதான். ஆனாலும் அடித்தார். சாப்பாட்டு வேளையில் சாரத்தில் உட்கார்ந்து அடித்தார், பஸ்ஸில் நின்றுகொண்டு அடித்தார்.

எட்டாம் நாள் காலை கறுப்புக் கண்ணாடியோடு போனை வாங்கினாள்.

"என்னங்க, ஏரியைக் காணோம்."

"அங்கதான் இருக்கு. தண்ணிதான் இல்ல."

படகு சாய்ந்து கிடந்தது. வாத்துகள் வெடித்த மண்ணில் நின்றன.

"ஏழு நாளும் புளுகுனீங்களா?"

"கண்ணு ஆறட்டுமேன்னு பார்த்தேன்."

திட்ட வாயெடுத்தவள், படத்தைப் பெரிதாக்கினாள். ஆபரேஷனுக்கு முன்பு அந்த ஊரே அவளுக்குப் பழுப்பாகத்தான் தெரிந்திருந்தது.

"இந்த வீடு ஊதாவா?"

"ஊதாதான்."

"ஜன்னலுக்கு வெள்ளை விட்டிருக்கலாம்" என்றபடி விரலை மேகத்துக்குக் கொண்டுபோனாள்.

"கொஞ்சம் பொறு. அந்தக் கடைசி வீடு இப்பதான் அடிச்சேன்."

"இது போனுங்க."

"போனா இருந்தா என்ன, காயட்டும்."

மாலை நாலு மணிக்கு அவரே வந்து உட்கார்ந்தார். கசப்பு மருந்து விழுங்குகிற முகத்தோடு மேகத்தைத் தொட்டார். ஏரியைப் பார்க்கவில்லை, சுவர்களைத்தான் பார்த்தார். ஒரு சொட்டு நிறம் வழியவில்லை.

"நல்ல பெயிண்டா இருக்கே" என்று விரலை எடுத்தார்.

"இன்னொரு தடவை தொடுங்க" என்றாள் அவள். "வாத்துக்குக் கால்கூட நனையல."