பெசமினோ ஓட்டிய பஸ்

எங்கள் தீவுக் கிராமத்தில் பெசமினோவைப் பற்றி யாரிடம் கேட்டாலும் தங்கமான மனுஷன் என்பார்கள். பஸ் டிரைவர், சபையில் டீக்கன், குடிக்க மாட்டான், பிள்ளைகள்மேல் கை நீட்ட மாட்டான். நான் பதினெட்டு வருஷமாகப் பக்கத்து வீட்டுக்காரி. எனக்கு அவனைப் பார்த்தாலே குமட்டுகிறது.

அவன் அடிப்பதெல்லாம் வாயால். மகள் மெரீட்டாவுக்குப் பதினைந்து வயது. ஆறு மாதமாகத் தூக்கமில்லை, சோறு இறங்குவதில்லை. உயிரோடு இருக்கவே பிடிக்கவில்லை என்று ஒரு நோட்டில் எழுதி ஒளித்து வைத்திருந்தாள். மாலை ஜெபத்துக்குக் குடும்பமே பாயில் உட்கார்ந்திருந்தபோது, அந்த நோட்டைக் குரலை ஏற்றி இறக்கி வாசித்துக் காட்டினான். எல்லாரும் சிரித்தார்கள். பிறகு அவளுக்காக உருக்கமாக ஜெபமும் செய்தான். த்தூ.

விஷயம் காதில் விழுந்து, மாவட்ட ஆஸ்பத்திரி நர்ஸ் பிள்ளையை உடனே கூட்டி வரச் சொல்லி ஆள் அனுப்பினாள். டீக்கன் மகளுக்குப் பைத்தியம் என்று ஊர் பேசவா என்று மறுத்துவிட்டான்.

பிள்ளைகளுக்கான திருநாளான வெள்ளை ஞாயிறு வந்தது. மற்ற நாளில் பெரியவர்கள் தின்று மீந்ததுதான் எங்கள் பிள்ளைகளுக்கு. அன்று மட்டும் அவர்களுக்கு முதல் பந்தி. வெள்ளை உடுப்பில் சபையில் வசனம் சொல்லிவிட்டு ஊர்ப் பந்தியில் வந்து உட்காருவார்கள், பெற்றவர்கள் பரிமாறுவார்கள், கேட்டதை மறுக்கக் கூடாது. பாஸ்டர் பக்கத்தில் இருக்கிறார் என்று பெசமினோ பன்றிக்கறித் தட்டோடு மகள்முன் குனிந்து, என்ன வேண்டும் என்று இளித்துக்கொண்டு கேட்டான்.

"நர்ஸைப் பாக்கணும்ப்பா."

அவன் முகம் செத்துவிட்டது. பாஸ்டரைப் பார்த்தான்.

"அதுக்கென்னம்மா, நாளைக்கு லீவு. செவ்வாக்கெழம நம்ம பஸ்லயே போயிடலாம்."

செவ்வாய் காலை பஸ்ஸில் இடமில்லை. வழக்கம்போல ஒருவர் மடியில் ஒருவர். மெரீட்டா என் மடியில் இருந்தாள், வெறும் எலும்பு. ஆஸ்பத்திரி வேலி தெரிந்ததும் பஸ்ஸை நிறுத்தும் மணிக் கயிற்றை இழுத்தாள். மணி அடித்தது. பெசமினோ பாட்டுச் சத்தத்தைக் கூட்டினான். மறுபடி இழுத்தாள். பஸ் ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தது.

உள்ளே நாற்பது பேர். ஞாயிற்றுக்கிழமை அவன் கொடுத்த வாக்கை அத்தனை பேரும் கேட்டவர்கள். எல்லார் வாயிலும் கொழுக்கட்டை. என் வாயிலும்தான். அவனைப் பகைத்தால் நாளைக்கு என் கிழங்குக் கூடையை யார் ஏற்றுவது என்று அந்த நேரத்திலும் யோசித்தேன்.

சந்தை வந்ததும் நான் கயிற்றை இழுத்தேன். எனக்கு உடனே நின்றது.

மெரீட்டாவும் இறங்கினாள். அப்பனை அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"நீங்க இழுத்திருந்தா அங்கயும் நின்னிருக்கும் அத்த," என்று என்னிடம் சொன்னாள்.

சொல்லிவிட்டு, வந்த வழியே ஆஸ்பத்திரியைப் பார்த்து வெயிலில் தனியாக நடந்தாள். நான் கூடையைத் தூக்கிக்கொண்டு சந்தைக்குள் போனேன்.