சத்தமில்லாத வண்டி

ஷோரூமில் சாவியைக் கையில் கொடுத்து, கைதட்டி, போட்டோ எடுத்து முடித்த பிறகு நானும் என் வீட்டுக்காரரும் உள்ளே ஏறிக் கதவைச் சாத்தினோம். அந்த நொடி இன்னும் எனக்குள் அப்படியே இருக்கிறது. வெளியே ஓசூர் பைபாஸில் லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தன. கதவு சாத்தியதும் அத்தனை இரைச்சலும் எங்கோ தள்ளிப் போய்விட்டது. கிணற்றில் முங்கினால் கரையில் நிற்பவர்களின் பேச்சு எப்படிக் கேட்குமோ அப்படி. அவர் பட்டனை அமுக்கினார். ஒன்றும் நடக்காதது போல இருக்கவே மறுபடியும் அமுக்கினார். உண்மையில் முதல் அமுக்கிலேயே வண்டி ஸ்டார்ட் ஆகிவிட்டது, இரண்டாவது அமுக்கில் அதை நிறுத்திவிட்டார். வெளியே நின்றவர்கள் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

அதற்கு முன் எங்களிடம் இருந்தது யாரோ ஓட்டித் தேய்த்த ஒரு டீசல் வண்டி. அது கிளம்பினால் தெருவுக்கே தெரியும். கண்ணாடி, கதவு, டேஷ்போர்டு எல்லாம் சேர்ந்து ஆடும். அதற்குள் உட்கார்ந்து பேசுவதென்றால் கத்தத்தான் வேண்டும். மகள் சாப்பிட்டாளா என்பதைக்கூடச் சண்டை போடுகிற குரலில்தான் கேட்டுக்கொள்வோம். டோல்கேட்டில் கண்ணாடியை இறக்கினால் அங்கே இருப்பவர்கள் எங்களை ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள், பாவம், ஏதோ குடும்பத் தகராறு என்று. இந்தப் புது வண்டி வந்ததும் என் குரல் தானாக இறங்கிவிட்டது. யாரும் சொல்லவில்லை. கோயிலுக்குள் போனால் குரல் இறங்குமே, அந்த மாதிரி.

அவர் கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல்காட்டிலிருந்து வேலை தேடி ஓசூருக்கு வந்தவர். நான் பாரூர்க்காரி. ஏரிப் பாசனத்தில் நெல்லும் கரும்பும் போடுகிற வீட்டுப் பெண். கல்யாணமான நாளிலிருந்து அவர் ஃபோர்ஜிங் கம்பெனியில் இருக்கிறார். இரும்பைப் பழுக்கக் காய்ச்சி, வீடளவு உயரமான ஹேமரில் வைத்து அடித்து, வண்டிகளுக்கு கிராங்க் ஷாஃப்ட் செய்கிற இடம். ஆயுத பூஜையன்று மட்டும் குடும்பத்தோடு உள்ளே விடுவார்கள். முதல் வருஷம் போனபோது எனக்கு வேடிக்கையாக இருந்தது மெஷின்கள் அல்ல, ஆட்கள்தான். ஹேமருக்குப் பொட்டு வைத்து மாலை போட்டு நிறுத்தியிருந்தார்கள். ஒரு சத்தமும் இல்லை. ஆனாலும் அவரும் கூட்டாளிகளும் வாயை மட்டும் அசைத்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். குரலே வரவில்லை. அந்தப் பக்கம் நின்ற ஒருவர் உதட்டை அசைக்க, இந்தப் பக்கம் இவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார். வேலை நேரத்தில் எவ்வளவு கத்தினாலும் கேட்காது என்பதால் எல்லோரும் அப்படியே பழகிவிட்டார்களாம். எனக்கு ஏதோ கனவுக்குள் நிற்கிற மாதிரி இருந்தது.

காதில் வைத்துக்கொள்ள அடைப்பான் கம்பெனியில் கொடுக்கத்தான் செய்தார்கள். அவர் வைக்க மாட்டார். "அத வச்சா இரும்பு ஒழுங்கா அடிபடுதான்னு எப்பிடித் தெரியும்?" என்பார். அடி சரியாக விழுந்ததைக் காதால் பாதியும் காலடித் தரையால் மீதியும் தெரிந்துகொள்கிற ஆள் தான் என்று அவருக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு.

புது வண்டியில் முதல் வாரம் தொரப்பள்ளிப் பக்கம் ஓட்டிப் பழகினோம். பிறகு ஞாயிறு தவறாமல் ஒரு பயணம். விடிந்ததும் கிளம்பிவிடுவோம். ஓசூர்ப் பனியில் பசுமைக்குடில்கள் வெள்ளையாக மிதந்துகொண்டிருக்கும். டர்போ பெட்ரோல் என்றால் என்னவென்று எனக்குத் தெரியாது. ஏறிய பிறகுதான் புரிந்தது. சின்ன இன்ஜின்தான். மிதித்ததும் ஒரு கணம் யோசிக்கும். சரி, இதற்கு மனசில்லை போலிருக்கிறது என்று நினைக்கும்போதே, ஊஞ்சலைப் பின்னாலிருந்து ஒருவர் தள்ளிவிட்டது போல வண்டி எழும்பிப் போகும். சூளகிரி ஏற்றத்தில் பழைய வண்டி லாரிகளுக்குப் பின்னால் இருமிக்கொண்டே ஏறும். இது லாரிகளைத் தாண்டியதே எங்களுக்குத் தெரியாது. மடியில் இருந்த பை மட்டும் வயிற்றோடு வந்து ஒட்டிக்கொள்ளும்.

அந்த எழும்பலின்போது மெல்லியதாக ஒரு சீழ்க்கைச் சத்தம் வரும். அடுப்பை அணைத்த பிறகு குக்கர் கடைசியாக விடுகிற மூச்சு மாதிரி. அவர் தோளைத் தட்டி, "இன்னாங்க அது, விசில் அடிக்கிற மாதிரி கேக்குது?" என்றேன். அவர் என் பக்கம் திரும்பி, "விசிலா? என்ன விசில்?" என்றார். வண்டியில் கோளாறோ என்று ஷோரூமுக்கு போன் போட்டேன். டர்போ அப்படித்தான் மேடம் பாடும் என்றார்கள். எனக்கு அது பிடித்துப்போனது. அதைக் கேட்பதற்காகவே ஏற்றம் வராதா என்று பார்த்துக்கொண்டிருப்பேன்.

அந்தப் பயணங்களில் நான் நிறையப் பேசினேன். மகள் கோயம்புத்தூருக்குப் படிக்கப் போய்விட்டாள். வீட்டில் நாங்கள் இருவர் மட்டும். ரோஜாப் பண்ணையில் பூக்களைத் தரம் பிரிக்கிற இடத்தை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். அங்கே நாள் முழுக்க அடுத்தவர்களுக்குச் சொல்லிக்கொண்டே இருப்பதுதான் வேலை, என்னைப் பற்றிப் பேச நேரம் கிடையாது. வண்டிக்குள் அந்த அமைதியில், கண்ணாடிக்கு வெளியே மாந்தோப்பும் பாறைக்குன்றும் மெல்ல நழுவிக்கொண்டிருக்க, வருஷக்கணக்கில் சொல்லாமல் வைத்திருந்ததெல்லாம் தானாக வந்தது. சின்ன வயதில் ஏரியில் மூழ்கப் பார்த்தது, கல்யாணத்துக்கு முன் டீச்சராக ஆசைப்பட்டது, அவர்மேல் எனக்கு எப்போது பிரியம் வந்தது என்பதுகூட. அதையெல்லாம் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்கு வெட்கம். ரோட்டைப் பார்த்தபடி சொல்வது சுலபமாக இருந்தது. அவரும் ரோட்டைப் பார்த்தபடியே கேட்டுக்கொண்டு வந்தார். நான் நிறுத்தினால் தலையை ஆட்டி, "பாத்துக்கிடலாம்" என்பார். எதற்கும் அதே பதில்தான். பிரியம் வந்த கதைக்கு "பாத்துக்கிடலாம்" என்ன பதில் என்று தோன்றியது. ஆம்பிளைகளே இப்படித்தான் என்று விட்டுவிட்டேன்.

ஆனால் ஒரு விஷயத்தை அப்படி விட முடியவில்லை. அடுத்த வருஷம் அவருக்கு ரிட்டயர்மென்ட். ஊரில் அவருடைய அண்ணன் பழைய வீட்டை இடித்துக் கட்டப் போகிறார். எங்களுக்கும் சேர்த்து ரூம் போடவா என்று கேட்டுக்கொண்டிருந்தார். இவருக்குச் சொந்த மண்மேல் ஆசை. எனக்கோ அந்த வெயில், அந்தத் தனிமை எதுவும் ஆகாது. என் வேலை, என் சனம் எல்லாம் இங்கேதான். அவருடைய ஆசைக்குக் குறுக்கே நிற்கிறோமே என்று பல நாள் மென்று விழுங்கிவிட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை சானமாவு காட்டுப்பாதையில் போகும்போது சொல்லிவிட்டேன். யானை நடமாட்டம் இருக்கிறது, மெதுவாகச் செல்லவும் என்ற பலகைக்கு மரியாதை கொடுத்து அவர் ஊர்ந்துகொண்டிருந்தார். "நான் அங்க வர்லீங்க. எனக்கு இங்கியே இருக்கணும். நீங்க கோச்சிக்கிட்டாலும் சரி" என்றேன். அவர் காட்டுக்குள் யானையைத் தேடிக்கொண்டே தலையாட்டி, "பாத்துக்கிடலாம்" என்றார். ஒத்துக்கொண்டார் என்றே நினைத்தேன். அன்று காடு அவ்வளவு அழகாக இருந்தது.

சாயங்காலம் அண்ணனுக்கு போன் போட்டார். அவருடைய அண்ணன் பேசினால் போனே தேவையில்லை, அப்படி ஒரு குரல். இவர் சந்தோஷமாகச் சொன்னார்: "ரெண்டு ரூம் போதும்ணே. ரிட்டயர் ஆனதும் வந்துருதோம். அவளுக்கும் சம்மதந்தான்."

நான் சமையலறையில் இருந்தேன். கையில் இருந்த கரண்டியைக் கீழே வைத்தேன். மறுத்திருந்தால் சண்டை போட்டிருப்பேன். கேட்டுக்கொண்டு, தலையையும் ஆட்டிவிட்டு, நான் சொன்னதற்கு நேர் எதிராகப் பேசுகிறவரிடம் என்ன சண்டை போடுவது? இத்தனை வருஷம் கூட வாழ்ந்தவளின் பேச்சுக்கு இவ்வளவுதான் மதிப்பா என்று மனம் விட்டுப்போனது. அதன்பிறகு வண்டியில் நான் வாயைத் திறக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகள் வந்து போயின. நான் பேசாமல் இருப்பது அவருக்குத் தெரியவே இல்லை. அதுதான் இன்னும் எரிந்தது.

அவருடைய கவலை வேறாக இருந்தது. வண்டி மைலேஜ் கொடுக்கவில்லை. விளம்பரத்தில் சொன்னதில் பாதிகூட வரவில்லை, ஏமாற்றிவிட்டார்கள் என்று பார்ப்பவர்களிடமெல்லாம் புலம்பினார். கியரை மாற்றச் சொல்லி மீட்டரில் ஒரு அம்புக்குறி எரியும். "இன்ஜின பத்தி எனக்கு இது சொல்லுதாக்கும்" என்று அதைச் சட்டை செய்ய மாட்டார். கடைசியில் சர்வீஸ் சென்டரில் போய் ஒரு பிடி பிடித்தார். அங்கிருந்த அட்வைசர் தன் ஆட்களிடம் தெலுங்கில் ஏதோ சொல்லிவிட்டு, எங்களிடம் தமிழில், "வாங்க சார், நீங்களே ஓட்டுங்க, பாத்துடலாம்" என்று முன்சீட்டில் ஏறிக்கொண்டார். நான் பின்னால் உட்கார்ந்தேன்.

ரிங் ரோட்டில் வண்டி வேகம் பிடித்தது. இரண்டாவது கியரிலேயே இன்ஜின் கதறியது. "சார், தேர்ட் போடுங்க" என்றார் அட்வைசர். இவர் போடவில்லை. "சார், இன்ஜின் கத்துது பாருங்க, கியர் மாத்துங்க" என்று மறுபடி சொன்னார். என் வீட்டுக்காரர் ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல், நிதானமாகத் தலையை ஆட்டி, "பாத்துக்கிடலாம்" என்றார்.

அட்வைசர் மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

பழைய டீசல் வண்டி உடம்பை உலுக்கியே அவருக்குக் கியரைச் சொல்லிக்கொண்டிருந்தது. இந்த வண்டி அப்படி உலுக்கவில்லை, காதால் கேட்டால்தான் உண்டு, மைலேஜ் வராததும் அதனால்தான். வீட்டில் இத்தனை நாள் எனக்குத் தெரியாமல் போனது ஏன் என்றும் புரிந்தது. வீட்டில் அவர் எப்போதும் என் முகத்தைப் பார்த்துத்தான் பேசுவார். என்மேல் அவ்வளவு ஆசை என்று நான் உள்ளூரப் பெருமைப்பட்டிருக்கிறேன். என் உதட்டைப் படித்துக்கொண்டிருந்திருக்கிறார். மகளிடம் வீடியோ காலில்தான் பேசுவேன் என்று அடம்பிடித்தது, காலிங் பெல்லுக்கு எழுந்திருக்காதது, எல்லாம் வரிசையாக ஞாபகம் வந்தது. வண்டியில் மட்டும் அவர் ரோட்டைப் பார்க்க வேண்டியிருந்தது. நானோ வண்டி கொடுத்த அமைதியில் குரலை இறக்கிவிட்டேன். மனசைத் திறந்து நான் கொட்டியதில் ஒன்றுகூட அவரிடம் போய்ச் சேரவில்லை. பின்சீட்டில் உட்கார்ந்து சத்தமில்லாமல் அழுதேன். கோபம் போன இடம் தெரியவில்லை. அவர் தனியாக எத்தனை நாள் இதை மூடிமூடி வைத்தாரோ என்று நினைக்க நினைக்கத் தாங்கவில்லை.

வீட்டில் வைத்து அதைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. அடுத்த ஞாயிறு பாரூருக்கு என் தம்பி வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தோம். ஏரி நிரம்பி, வாய்க்காலில் தண்ணீர் சலசலத்துப் போய்க்கொண்டிருந்தது. கரையோரம் வந்ததும் அவர் கையைத் தொட்டு, நிறுத்தச் சொல்லிச் சாடை காட்டினேன். ஓரமாக நிறுத்தினார். அவர் முகத்தை என் பக்கம் திருப்பினேன்.

"காது கேக்கலீங்களா உங்களுக்கு?"

அவர் ஸ்டியரிங்கைத் தடவினார். "கம்பெனியில தெரிஞ்சா ஹேமர்ல இருந்து மாத்திருவானுவ. செவிடன்னு ஒரு பேரு வேற" என்றார். பிறகு, "உனக்குத் தெரிஞ்சா நீ பேசுறத விட்டுருவியோன்னு இருந்துச்சு" என்றார்.

டாக்டரிடம் போனது, காதுக்குப் பின்னால் இப்போது இருக்கிற சின்ன மெஷின், அதைப் போடச் சொல்லித் தினம் நடக்கிற பஞ்சாயத்து, இதெல்லாம் பிறகு வந்தவை. அன்று ஏரிக்கரையில் நான் அவர் கண்ணைப் பார்த்து, சானமாவில் சொன்னதை அப்படியே மறுபடி சொன்னேன். ஊருக்கு வரவில்லை, இங்கேயே இருக்க வேண்டும், கோபித்துக்கொண்டாலும் சரி.

அவர் பார்வை என் உதட்டிலேயே இருந்தது. "இத எப்ப சொன்ன?" என்றார்.

"நீங்க அண்ணனுக்கு போன் போட்டீங்களே, அன்னிக்குக் காலைல."

"கேட்டிருந்தா போட்டிருக்க மாட்டேனே" என்றார். "நான் சொல்லிக்கிடுதேன் அண்ணன்கிட்ட."

நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு, போகலாம் என்று கை காட்டினேன். அவர் கிளம்பவில்லை. இன்ஜினை அணைத்தார். அணைந்துவிட்டதா என்று மீட்டரைக் குனிந்து பார்த்து உறுதி செய்துகொண்டார். பிறகு சீட்டில் முழுசாக என் பக்கம் திரும்பி உட்கார்ந்தார்.

"வண்டி வாங்குனதுல இருந்து வேற என்னெல்லாம் சொன்ன? ஒண்ணு விடாம சொல்லு."