அம்மா போட்டுட்டாங்க

எங்கள் பக்கத்தில் மோட்டார் சைக்கிளைக் கீழே போட்டவர் யாரும் இல்லை. மோட்டார் சாய்ந்திருக்கிறது, வழுக்கியிருக்கிறது, சில சமயம் தானாகவே போய் மரத்தில் முட்டியிருக்கிறது. ஓட்டியவர் அந்த நேரத்தில் அதன்மேல் உட்கார்ந்திருந்தார், அவ்வளவுதான். மலேசியாவில், கெடா மாநிலத்து மெர்போக் வட்டாரத்தில் வீட்டுக்கு இரண்டு மோட்டாராவது நிற்கும். விழாதவர் எவரும் இல்லை என்பதும் எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் பேச்சு என்று வந்தால் எல்லாம் மோட்டாரின் வேலையாகத்தான் இருக்கும்.

நானும் அப்படித்தான் சொன்னேன். ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஏழேகாலுக்கு, இரவு வேலை முடித்துத் தொழிற்சாலையிலிருந்து கிளம்பிக்கொண்டிருந்த என் கணவரைத் தொலைபேசியில் அழைத்து, "மோட்டரு சாஞ்சிருச்சுங்க" என்றேன்.

"எங்க? ஸ்பீடா போனியா?"

"இல்ல. நின்னுக்கிட்டு இருந்துச்சு."

"நின்னுக்கிட்டு இருந்த மோட்டரு எப்படிச் சாயும்?"

"பாப்பாவுக்கு ஒண்ணும் ஆகல, ஹெல்மெட் போட்டிருந்தா" என்றேன். இந்த வாக்கியத்தை அடுத்த சில நாள்களில் நான் எத்தனை பேரிடம் சொன்னேன் என்று எனக்கே தெரியாது. யாரும் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுவேன்.

நடந்தது இதுதான். நான் ஒரு செம்பனைத் தோட்டத் தமிழ்ப்பள்ளியில் கிராணி, அதாவது எழுத்தர். நான்கு வயது மகள் அதே பள்ளி வளாகத்தில் உள்ள பாலர் பள்ளிக்கு வருகிறாள். தினமும் அவளை மோட்டாரில் எனக்கு முன்னால் மாட்டியிருக்கும் சின்னப் பிரம்பு நாற்காலியில் உட்கார வைத்துக் கூட்டிப்போவேன். லைசன் எடுத்து அப்போது ஐந்து மாதம்தான் ஆகியிருந்தது. அன்று தோட்டத்து நுழைவாயிலில் செம்பனைக்குலை ஏற்றிய லோரி ஒன்று வெளியே வந்தது. அதற்கு வழிவிட ஓரத்தில் நிறுத்தி இடது காலை ஊன்றினேன். ஊன்றிய இடத்தில் உதிரிப்பழங்கள் கிடந்தன. லோரியிலிருந்து சிந்தும் செம்பனைப் பழம் உருண்டையாக இருக்கும், எண்ணெயாகவும் இருக்கும். என் கால் ஒரு பக்கம் போனது, மோட்டாரும் அதே பக்கம் போனது. மகள் புல்லில் விழுந்தாள். முழங்காலில் சிராய்ப்பு, ஒரு சப்பாத்து வாய்க்காலில். லோரி ஓட்டுநர் இறங்கி வந்து மோட்டாரைத் தூக்கி நிறுத்திவிட்டு, "பரவால்லமா, எல்லாருக்கும் நடக்கறதுதான்" என்றார். வேகம் சுழியத்தில் இருக்கும்போது எத்தனை பேருக்கு நடந்தது என்று அவரிடம் கேட்கத் தோன்றியது. கேட்கவில்லை.

பள்ளிக்குப் போய்ச் சேர்ந்ததும் வாசலில் காவலிருக்கும் ஜாகா அண்ணன் வளைந்த பிரேக் கைப்பிடியைப் பார்த்தார்.

"என்ன தங்கச்சி, சாஞ்சிருச்சா?"

"சாஞ்சிருச்சுண்ணே. பாப்பாவுக்கு ஒண்ணும் ஆகல, ஹெல்மெட் போட்டிருந்தா."

"இல்ல" என்றாள் மகள். "அம்மா போட்டுட்டாங்க."

மரியாதையோடுதான் சொன்னாள். பெரியவர்களைப் பற்றிப் பேசும்போது 'ங்க' போட வேண்டும் என்று நான்தான் பழக்கியிருந்தேன்.

"அப்படிச் சொல்லக்கூடாதுமா" என்றார் ஜாகா அண்ணன். "மோட்டரு அதுவா விழுந்துருச்சு. அங்கிளுக்கும் அப்படித்தான் ஒருவாட்டி. உடும்பு ஒண்ணு ரோட்ட குறுக்க போச்சு. மோட்டரு அத பார்த்துட்டு நேரா காவாயில எறங்கிருச்சு."

"உடும்பு என்னாச்சு?" என்றாள் மகள்.

"அதுக்கு என்ன, நல்லாத்தான் போச்சு. எனக்குத்தான் மூணு வாரம் படுக்க."

பத்து மணிக்குள் செய்தி பள்ளி முழுதும் பரவியது. என் மேசைக்கு வந்தவர்கள் எல்லோரிடமும் ஒரு கதை இருந்தது. சிற்றுண்டிச்சாலை அக்கா தேநீரோடு வந்து நின்றார். அலோர் ஸ்டாரில் ஒரு கல்யாணத்துக்கு அவரும் அவர் கணவரும் மோட்டாரில் வரிசைத்தட்டு கொண்டுபோனார்களாம். சமிக்ஞை விளக்கில் நின்றபோது அக்காவின் சேலை சங்கிலியில் மாட்டியிருக்கிறது.

"பச்ச லைட்டு விழுந்துச்சு, நாங்களும் விழுந்தோம். நூத்தியொரு லட்டு. ரோடு பூரா மஞ்சளா உருண்டு ஓடுது. பின்னாடி கெரெட்டாக்காரன் எல்லாம் ஹோன் அடிக்கிறானுங்க. எங்க வீட்டுக்காரரு எந்திரிச்சு மொதல்ல என்ன கேட்டாரு தெரியுமா? 'தட்டு ஒடஞ்சிருச்சா?'"

"நீங்க என்னக்கா சொன்னீங்க?"

"ஒடயலன்னேன். எவர்சில்வர்லா."

தலைமையாசிரியர் காரில் வருகிறவர். அவரிடம் மட்டும் கதை இல்லை. கவனமாக இருங்கள் என்றார்.

இந்தக் கதைகள் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாகத்தான் இருந்தன. மகளுக்கு அவை ஒன்றும் செய்யவில்லை. மதியம் வீட்டுக்குக் கிளம்பும்போது அவள் மோட்டாரில் ஏற மறுத்தாள். அழவில்லை, கத்தவில்லை. தள்ளி நின்று, "வேணாம், நீங்க போட்டுருவீங்க" என்றாள். அன்று சிற்றுண்டிச்சாலை அக்காவின் மருமகன் தன் காரில் அவளை வீட்டில் விட்டார். பின்னாலேயே நான் வெறும் பிரம்பு நாற்காலியோடு மோட்டாரில் போனேன்.

புதனும் வியாழனும் என் கணவர்தான் அவளைக் கொண்டுவந்து விட்டார். அவர் வேலை முடிந்து வீட்டுக்கு வர ஏழரை ஆகும். பாலர் பள்ளி ஏழரைக்குத் தொடங்கிவிடும். இரண்டு நாளும் தாமதம். அதைவிட, பன்னிரண்டு மணி நேரம் நின்று வேலை செய்துவிட்டு வரும் மனிதர் கண்ணைக் கசக்கிக்கொண்டே பிள்ளையை ஏற்றிப் போவதை நினைத்தால் எனக்கு அலுவலகத்தில் கை ஓடவில்லை. நான் விழித்துக்கொண்டு விழுந்தேன், அவர் தூங்கிக்கொண்டு விழப்போகிறார், எது பிள்ளைக்கு நல்லது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். மாணவர் வருகைப் படிவத்தில் இரண்டு வகுப்புகளை மாற்றி எழுதினேன்.

வியாழன் காலை பாலர் பள்ளி ஆசிரியை என்னைப் பார்க்க வந்தார். பிள்ளைகளை 'என் அம்மா' பற்றி மூன்று வாக்கியம் பேசச் சொன்னாராம்.

"நல்லாத்தான் பேசினா. என் அம்மா கிராணி. என் அம்மா தோசை சுடுவாங்க."

"மூணாவது?"

ஆசிரியை கொஞ்சம் தயங்கினார். "அம்மா போட்டுட்டாங்க."

அன்று மாலை பெண்டாங்கிலிருந்து நாத்தனார் அழைத்தார். என் கணவருக்கு மூத்தவர், எதையும் சுற்றி வளைக்காதவர். அவர் வீட்டில் இரண்டு பிள்ளைகள், வாசலுக்கே வேன் வந்து பாலர் பள்ளிக்குக் கூட்டிப்போகிறது. எங்கள் கெடாவில் வெள்ளியும் சனியும்தான் வார விடுமுறை.

"பிள்ளைய இங்க விட்டுரு. வருசக் கடைசி வரைக்கும் இருக்கட்டும். வேனு இருக்கு, வெளாட பிள்ளைங்க இருக்கு. வெள்ளி சனி நீங்க வந்து பாத்துக்குங்க."

"அவ ஏறிருவாக்கா. ரெண்டு நாள்ல சரியாயிரும்."

"நாளைக்கு நாளான்னைக்கு லீவுதான? அதுக்குள்ள ஏறுனா சரி. இல்லன்னா ஞாயித்துக்கெழம ஸ்கூலுக்கு இங்கேருந்து போகட்டும். நான் சொல்றது உன் நல்லதுக்குத்தான். பயந்த பிள்ளைய மோட்டர்ல வச்சுக் கொண்டுபோறது இன்னும் ஆபத்து."

அவர் சொன்னதில் தவறு எதையும் என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. அதுதான் தொந்தரவு. நான் வேலையை விடலாம். விட்டால் ஒருவர் சம்பளத்தில் வீடு ஓடாது. வேலையை விடாவிட்டால் பிள்ளை பெண்டாங்கில். வருசக் கடைசிக்கு இன்னும் ஏழு மாதம் இருந்தது. ஒருவேளை அவளுக்கு அங்கே நன்றாகவே இருக்கும். அதை நினைத்தபோது எனக்கு ஆறுதலாக இல்லை.

"போடமாட்டேன்னு சத்தியம் பண்ணிரு. முடிஞ்சுச்சு" என்றார் என் கணவர்.

"எப்படிப் பண்றது? நாளைக்கே திரும்ப விழுந்தா?"

"நின்னுக்கிட்டு இருக்கும்போது ரெண்டு தடவ விழறவ இல்ல நீ."

இதைப் பாராட்டாக எடுத்துக்கொள்வதா என்று எனக்குத் தெரியவில்லை. சத்தியம் செய்யவும் முடியவில்லை. அவருக்கு இதுவரை மூன்று முறை மோட்டார் 'சிலிப்' ஆகியிருக்கிறது. மூன்று முறைக்கும் முன்னால் அவரும் விழமாட்டேன் என்றுதான் கிளம்பியிருப்பார்.

வெள்ளிக்கிழமை காலை மகளின் துணிகளை மடித்து ஒரு பையில் வைத்தேன். எதற்கும் இருக்கட்டும் என்று வைத்தேன். ஐந்து கவுன் வைத்து, இரண்டை எடுத்து, மறுபடி ஒன்றை வைத்தேன். அவள் கட்டிலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அத்தை வீட்டுக்கா?"

"தெரியலமா. அம்மா இனிமே மோட்டர கீழ போடாம பாத்துக்கிட்டா நீ ஏறுவியா?"

"மோட்டர போட்டா போடுங்க" என்றாள்.

"பின்ன?"

"என்னைப் போட்டுட்டீங்க. மோட்டர புடிச்சுக்கிட்டீங்க."

பள்ளியிறுதி எஸ்.பி.எம். தேர்வில் தமிழில் ஏ வாங்கியவள் நான். எதை என்று சொல்லாமலே தமிழில் ஒரு வாக்கியம் முழுதாக நின்றுவிடும் என்று எனக்குத் தெரியும். ஜாகா அண்ணன், அக்கா, ஆசிரியை, நான், எல்லோருமே அந்த வாக்கியத்துக்குள் நாங்களாகவே மோட்டாரை வைத்துக் கேட்டிருந்தோம். அதுவரை அவள் ஒரு முறைகூட மோட்டார் என்று சொல்லவில்லை.

அவள் சொன்னது உண்மை. வண்டி சாயத் தொடங்கியதிலிருந்து தரையைத் தொடும்வரை என் இரண்டு கைகளும் ஹேண்டலில்தான் இருந்தன. மோட்டார் பழகும் இடத்தில் எது நடந்தாலும் ஹேண்டலிலிருந்து கையை எடுக்கக்கூடாது என்று பயிற்சியாளர் மலாயில் திரும்பத் திரும்பச் சொல்லியிருந்தார். நான் சொன்னதைக் கேட்கிறவள். மோட்டாரை இழுத்துப் பிடித்துக்கொண்டே போய்ப் படுத்தேன். பிள்ளை தனியாக விழுந்தாள். அவள் எனக்கு நேர் முன்னால் இருந்தவள், அவள் கண்ணுக்கு எதிரே இருந்தவை என் இரண்டு கைகள். எல்லாவற்றையும் பார்த்திருக்கிறாள்.

கையிலிருந்த கவுனைக் கட்டிலில் வைத்தேன். பிறகு சொன்னேன்: "மோட்டரு திரும்பச் சாயலாம். சாயாதுன்னு அம்மாவால சொல்ல முடியாது. ஆனா சாஞ்சா, மோட்டர விட்டுட்டு உன்னைப் புடிக்கிறேன்."

யோசித்தாள். "செஞ்சு காட்டுங்க" என்றாள்.

சனிக்கிழமை காலை எங்கள் வீட்டுக்குப் பின்னாலிருக்கும் திடலுக்கு மோட்டாரைத் தள்ளிக்கொண்டு போனோம். புல் தடிப்பாக இருக்கும் இடமாகப் பார்த்து, எஞ்சினை அணைத்து நிறுத்தினோம். முதலில் பிரம்பு நாற்காலியில் பத்து கிலோ அரிசி மூட்டையை வைத்தேன். நான் மேலே உட்கார்ந்து, இடது பக்கம் சாய்த்து, ஹேண்டலை விட்டு, மூட்டையை அணைத்துக்கொண்டு இறங்க வேண்டும். முதல் முறை கை ஹேண்டலை விடவில்லை. மூட்டை விழுந்தது. மகள் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"விடுலா" என்றார் என் கணவர். "பழைய மோட்டரு, விடு."

இரண்டாம் முறை விட்டேன். மோட்டார் பெரிய சத்தத்தோடு புல்லில் விழுந்தது. மூட்டை என் இடுப்பில் இருந்தது. அவர் மோட்டாரைத் தூக்கி நிறுத்தினார், நான் போட்டேன். மறுபடி தூக்கினார், மறுபடி போட்டேன். பக்கத்து வீட்டு மலாய்க்காரப் பெரியவர் வேலிக்கு வந்து, என்ன நடக்கிறது என்று கேட்டார். பயிற்சி என்றார் என் கணவர். லைசனுக்கு இப்போது இதையெல்லாம் கேட்கிறார்களா என்று பெரியவர் கேட்டார். இல்லை, வீட்டில் கேட்கிறார்கள் என்றார் இவர்.

ஐந்தாவது முறைக்குப் பிறகு மகள் தன் ஹெல்மெட்டை எடுத்துப் போட்டுக்கொண்டு வந்தாள். அரிசி மூட்டையை இறக்கச் சொன்னாள். ஏறி உட்கார்ந்தாள். அவள் ஹெல்மெட் வாரை ஒரு முறை இழுத்துப் பார்த்தேன். என் கணவர் கீழே பாதி குனிந்து இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டு நின்றார். சாய்த்தேன், விட்டேன், அவளைப் பிடித்தேன். மோட்டார் போனது. நாங்கள் இருவரும் நின்றுகொண்டிருந்தோம்.

"இன்னொரு வாட்டி" என்றாள்.

நான்கு வாட்டி செய்தோம். இடது பக்கக் கண்ணாடி போனது, சிக்னல் விளக்கு தொங்கியது. அதற்குமேல் தூக்க முடியாது, முதுகு போய்விடும் என்று என் கணவர் சொல்லிவிட்டார். மதியம் நாத்தனாரை அழைத்து, பிள்ளை வரவில்லை என்றேன்.

"ஏறிட்டாளா? எப்படி ஏறுனா?"

"மோட்டர கீழ போட்டுக் காட்டினேன்க்கா. எட்டொம்பது தடவ."

"தம்பிகிட்ட போன குடு" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலை அவள் தானாகவே வந்து பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்தாள். நான் மிக மெதுவாகத்தான் போனேன். புல் வெட்டும் இயந்திரத்தை முதுகில் மாட்டியிருந்த ஒருவர் எங்களைத் தாண்டிப் போனார். சைக்கிளில் போன ஒரு பாட்டியும் தாண்டினார். வளைவு வரும்போதெல்லாம் எந்த நேரத்தில் கையை விட வேண்டியிருக்கும் என்று கணக்குப் போட்டுக்கொண்டே இருந்தேன். அவள் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தாள். பிறகு ஹெல்மெட்டோடு தலையைப் பின்னால் சாய்த்து என்னை அண்ணாந்து பார்த்தாள்.

"வேகமா போங்கம்மா" என்றாள். "மணி அடிச்சிருவாங்க."