என் கணவர் நிறுத்திய மாத்திரை

சபையாருக்கு ஸ்தோத்திரம். சாட்சி சொல்லத்தான் எழுந்தேன். ஆனால் கொஞ்சம் கோபத்தோடுதான் சொல்வேன்.

போன வருடம் என் கணவருக்கு மாரடைப்பு வந்தது உங்களுக்குத் தெரியும். அடைத்த ரத்தக்குழாயில் ஸ்டென்ட் வைத்தார்கள். அதில் ரத்தம் உறைந்து அடைக்காமலிருக்க ஒரு மாத்திரை கொடுத்து, "நாங்க சொல்ற வரைக்கும் ஒரு நாள்கூட நிறுத்தக் கூடாது" என்றார் டாக்டர். லேசாக இடித்துக்கொண்டாலும் தோலில் ரத்தம் கட்டி நீலமாகும், பல் விளக்கினால் ஈறில் ரத்தம் வரும் என்பதையும் சொல்லித்தான் அனுப்பினார். மலம் கறுப்பாகப் போனால் உடனே ஓடி வரச் சொன்னார்.

இவர் என்ன செய்தார்? மாட்டுக்குப் புல் அறுக்கையில் விரலில் அரிவாள் பட்டது. ரத்தம் நிற்க நேரமானதும் பயந்துவிட்டார். உபவாசக் கூட்டத்தில் ஜெபித்துக்கொண்டு, எனக்குத் தெரியாமல் மாத்திரையை நிறுத்திவிட்டார். பத்து நாளில் கையில் அங்கங்கே கட்டியிருந்த நீலமெல்லாம் மறைந்தது. உடனே இதே சபையில் எழுந்து, கர்த்தர் சுகமாக்கினார், மாத்திரையை விட்டுவிட்டேன் என்று சாட்சி சொன்னார். நீங்களும் கை தட்டினீர்கள். மாத்திரையை நிறுத்தினால் நீலம் மறையாமல் என்ன செய்யும்?

அப்போதுதான் எனக்கே தெரிந்தது. வீட்டுக்குப் போனதும் கேட்டேன்.

"கர்த்தர் தொட்டுட்டாருடி. இன்னும் மாத்திர இன்னாத்துக்கு? உனுக்கு விசுவாசம் பத்தல" என்றார்.

எனக்கா பத்தவில்லை? கெஞ்சினேன், திட்டினேன். செவிடன் காதில் ஊதிய சங்குதான். எந்த நேரம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்வாரோ என்று ராத்திரியெல்லாம் எழுந்து எழுந்து பார்த்தேன். கடைசியில், "ஆண்டவரே, என் பேச்சை இந்த மனிதர் கேட்க மாட்டார். யார் பேச்சைக் கேட்பாரோ அவரை அனுப்பும்" என்று அழுதேன்.

மறுநாள் காலையில் பாஸ்டர் ஐயா வீட்டுக்கு வந்தார். நான் கூப்பிடவில்லை. கணவர் முன்னாலேயே எல்லாவற்றையும் கொட்டினேன். ஐயா தன் பையிலிருந்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்தார். அதே மாத்திரை.

"எனுக்கும் ஸ்டென்ட் கீதுப்பா. ரெண்டு வருசமா போட்டுக்கினு கீறேன். வெளிய சொல்ல வெக்கப்பட்டுட்டேன். நீ சாட்சி சொன்னப்பவும் வாயத் தொறக்கல. என் தப்புதான்" என்றார்.

ஐயா அனுமதி கொடுத்துத்தான் இதைச் சொல்கிறேன்.

அன்றே என் கணவரும் ஐயாவும் உத்திரமேரூர் பஸ் ஏறி, அங்கிருந்து ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். டாக்டர் நன்றாகத் திட்டினார். ஈ.சி.ஜி. எடுத்துப் பார்த்து, தப்பித்தீர்கள் என்று சொல்லி மாத்திரையை மறுபடி தொடங்கினார். அத்தனை நாளும் அவரைக் காத்தது கர்த்தருடைய கிருபை. கிருபையைப் பரீட்சை பார்க்கக் கூடாது என்று என் கணவரே இப்போது சொல்கிறார். காலையில் இருவரும் சேர்ந்து ஜெபிக்கிறோம். ஆமென் சொன்னதும் மாத்திரையை விழுங்குகிறார்.

உங்களில் யாராவது இப்படி மாத்திரையை நிறுத்தியிருந்தால், கர்த்தரை நம்பி நாளைக்கே டாக்டரிடம் போங்கள். துணைக்கு ஆள் இல்லையென்றால் நான் வருகிறேன். வழி முழுக்கத் திட்டுவேன், அதை மட்டும் பொறுத்துக்கொள்ளுங்கள்.