பங்குனித் திவசமும் மலைக் கேற்றும்

என் கணவரிடம் இரண்டு கலண்டர்கள் இருந்தன. ஒன்று எங்கள் குசினிச் சுவரில் தொங்கியது. லூயிஷாமில் எங்கடை ஆட்கள் நடத்திய பலசரக்குக் கடையில் தைப்பொங்கலுக்குக் கொடுத்த பஞ்சாங்கக் கலண்டர் அது. மற்றது அவருடைய தலைக்குள் இருந்தது. வேல்ஸில் ஒரு மலைப்பாதையைப் பனிக்காக கவுன்சில் எப்போது பூட்டும், எப்போது திறக்கும் என்கிற கணக்கு. மாசி மாதம் வந்துவிட்டால் இரண்டையும் பொருத்தப் பார்ப்பார். பொருந்தாது. அவருடைய அம்மாவின் திவசம் பங்குனித் தேய்பிறையில். திதி ஒரு வருடம் முன்னுக்கு வரும், ஒரு வருடம் பின்னுக்குப் போகும். பனிக்குத் திதி தெரியாது.

“என்னப்பா, இந்தமுறை அம்மா கொஞ்சம் அவசரப்பட்டிட்டா,” என்பார் என்னிடம், கலண்டரைப் பார்த்தபடி. திதி முன்னுக்கு வந்துவிட்டது என்று அர்த்தம்.

மலைக்கும் எங்களுக்கும் என்ன உறவு என்று கேட்பீர்கள். ஒன்றுமில்லை. நாங்கள் மேடு காணாத சனம். ஊரில் நாங்கள் பார்த்த உயரம் கோயில் கோபுரம்தான், அதிலும் ஏற விடமாட்டார்கள். எண்பதுகளின் நடுவில் அவர் பிஸ்கற் தொழிற்சாலையில் வேலை செய்தபோது, கூட வேலை செய்த வேல்ஸ்காரர் ஒருவர், ஈஸ்ரர் லீவுக்குத் தன் ஊர்ப்பக்கம் வரச்சொல்லி வரைபடம் ஒன்றைக் கொடுத்தார். அதில் ஒரு குளம் வரைக்கும் நாலு மைல் என்று இருந்தது.

“நாலு மைலெண்டால் என்ன, சந்தைக்குப் போட்டு வாற தூரம்,” என்றார் இவர்.

அந்தச் சந்தைக்கு நான் சேலைக்கு மேல் கோட்டுப் போட்டுக்கொண்டு போனேன். அவர் கலியாணச் சப்பாத்தோடு வந்தார். நாலு மைலும் மேல்நோக்கி நிற்கும் என்று வரைபடத்தைப் பார்த்து எங்களுக்குத் தெரியவில்லை. பாதிவழியில் நான் ஒரு கல்லில் குந்திவிட்டேன். “நீங்கள் போய்ப் பாத்திட்டு வந்து சொல்லுங்கோ, நான் நம்புறன்,” என்றேன். கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். மேலே போனால் ஒரு சின்னக் குளம். பாதி தண்ணீர், பாதி பனிக்கட்டி. சத்தமே இல்லை. கொண்டுபோன புட்டும் சம்பலும் குளிரில் கல்லாகியிருந்தன. அதைக் கடித்துக்கொண்டு, இவ்வளவு சுத்தமான தண்ணீரைத் தான் கண்டதில்லை என்று அவர் சொல்லிக்கொண்டே இருந்தார்.

இறங்கி வரும்போதுதான் மலையின் மற்றப் பக்கத்தால் ஒரு கார்ப்பாதை வருவதைக் கண்டோம். அதில் வந்தால் குளத்துக்குக் கால் மைல்தான் நடை. “இதை ஆரும் முதலே சொல்லியிருக்கலாம்,” என்றேன். பனிக்காலத்தில் அதன் அடிவாரத்தில் ஒரு கேற்றை, ஊர்ப் படலைபோல ஒரு இரும்புக் கதவைப் போட்டுப் பூட்டிவிடுவார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது.

தொண்ணூற்றொன்றில் அவருடைய அம்மா ஊரில் செத்துப்போனா. இவர் ஒரே மகன். சண்டையால் அங்கே பாதைகள் பூட்டிக் கிடந்தன. போன் இல்லை. செய்தி இங்கு வந்து சேர்ந்தபோது பக்கத்து வீட்டுக்காரர் கொள்ளி வைத்து எல்லாம் முடித்திருந்தார்கள். அவர் அழவில்லை. ஷிப்ட்டுக்குப் போய் வந்தார். முதலாவது ஆண்டுத் திவசம் வந்தபோது, ஐயர், வீட்டில் படைக்கச் சொல்லி, எள்ளும் தண்ணீரும் இறைக்க ஆற்றுக்குப் போகலாம் என்றார். தேம்ஸ் கரைக்குப் போனோம். பியர்க் கானும் பொலித்தீன் பையும் மிதந்து வந்தன. இவர் எள்ளைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

“இதுக்குள்ளையோ? அம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு நிப்பா.”

திரும்பி நடந்தார். அடுத்த நாளே என் தம்பியின் காரில் வேல்ஸுக்குப் புறப்பட்டோம். அந்த வருடம் கேற் திறந்திருந்தது. குளத்தடியில் முழந்தாளில் இருந்து எள்ளை விட்டார், தண்ணீரைக் கையால் அள்ளி விட்டார், பிறகு அங்கேயே இருந்து ஒரு வருடத்து அழுகையை அழுது முடித்தார். தம்பி காருக்குள் போய் இருந்துவிட்டான். நான் அவருடைய முதுகைத் தடவிக்கொண்டு நின்றேன். அன்றிலிருந்து திவசத் தண்ணீர் அந்தக் குளத்தில்தான்.

அதற்காகத்தான் இந்தக் கலண்டர்ப் போராட்டம் எல்லாம். வானிலை சொல்கிற போன் நம்பர் ஒன்று இருந்தது. அதை அவர் நம்பமாட்டார். “வந்த ஆளைக் கேள்” என்பதுதான் அவருடைய வழி. ஊரில் றேடியோ பாதை திறந்தாச்சு என்று சொல்லும். நாங்கள் வீதியில் நின்று, அந்தப் பக்கத்தால் சைக்கிளில் வருகிறவரை மறித்து, “அண்ணை, போகேலுமோ?” என்று கேட்டுத்தான் வெளிக்கிடுவோம். அந்தப் பழக்கத்தை அவர் அப்படியே வேல்ஸுக்குக் கொண்டுபோனார். கேற்றுக்குப் பக்கத்தில் ஆட்டுப் பண்ணை ஒன்று இருந்தது. வாசல் பலகையில் முட்டை, தேநீர் என்று எழுதி, கீழே போன் நம்பரும் போட்டிருந்தார்கள். பண்ணைக்கார அம்மா அறுபதைத் தாண்டியவ. மாசி மாதம் தொடங்கினால் இவர் அவவுக்குப் போன் எடுப்பார்.

அவ ஒருமுறை குளத்தடிக்கு நாயோடு வந்து இவர் எள் விடுவதைக் கண்டிருக்கிறா. மீனுக்கோ சாப்பாடு என்று கேட்டா. என்னுடைய அம்மாவுக்கு என்றார். அவ யோசித்துவிட்டு, “சூடான நாட்டு மனுசி, இந்தக் குளிரைத் தாங்குவாவோ?” என்றா. அவ பேசியது இங்கிலிஷ். எனக்கு இப்போது நினைவில் எங்கடை தமிழில்தான் கேட்கிறது.

“அதுக்குத்தானே எள்ளு. எள்ளு சூடு,” என்றார் இவர். அவ விழுந்து விழுந்து சிரித்தா. அதற்குப் பிறகு போனில் இவருடைய குரல் கேட்டதுமே மலையின் சேதியைச் சொல்லத் தொடங்கிவிடுவா. மலை இன்னும் போர்வைக்குள்ளைதான் கிடக்குது என்பா. இன்றைக்கு ஒரு காலை வெளியிலை நீட்டியிருக்குது என்பா. நான் ஆட்களின் பேச்சைச் சேர்த்து வைக்கிறவள். பள்ளிக்கூடம் எனக்குத் தந்ததைவிட இப்படிப்பட்ட வாய்கள் தந்தது அதிகம். அவ சொன்னதை எல்லாம் இவர் போனை வைத்ததும் கேட்டு வாங்கி வைத்திருக்கிறேன்.

தொண்ணூற்றைந்து தொடக்கத்தில் அவருடைய கால்கள் வீங்கத் தொடங்கின. எங்கள் பிளாற் இரண்டாம் மாடி. முதலாம் மாடியில் நின்று, சுவரில் ஒட்டியிருந்த கவுன்சில் அறிவித்தலை வாசிப்பதுபோல மூச்சு வாங்குவார். இருதயத்தில் ஒரு வால்வு பழுது என்றார்கள். சித்திரையில் ஒப்பரேசன். அதற்கு முன்னும் அதற்குப் பின் நெடுநாளைக்கும் ஏற்றம் ஏறக்கூடாது.

“கார் மேலை வரைக்கும் போகுந்தானே. பிறகு கால் மைல். அது ஏற்றமில்லை, நடை,” என்றார் என்னிடம்.

“கேற் திறந்தால்தானே?”

“அதைத்தான் கேக்கப்போறன்.”

அந்த வருடம் திதி பங்குனி பிறந்த கையோடு வந்துவிட்டது. பண்ணைக்கார அம்மா, வளைவுகளில் பனி மதில் உயரத்துக்கு நிற்கிறது, இரண்டு கிழமைக்கு ஒன்றும் நடக்காது என்றா. நான் வீட்டில் படைப்போம், காகத்துக்கு வைப்போம், போதும் என்றேன். கேட்கவில்லை. தம்பியும் சொல்லிப் பார்த்தான்.

“அத்தான், அந்த மனுசி பொய் சொல்லுவாவே? நீங்கள்தானே வந்த ஆளைக் கேக்கச் சொல்லுறனீங்கள்.”

“அவ வந்த ஆளில்லையடா, நிண்ட ஆள். போய்ப் பாப்பம்.”

விடியற்காலையில் வெளிக்கிட்டுப் போனோம். கேற் பூட்டித்தான் கிடந்தது. சிவப்புப் பலகை. அதற்கு அப்பால் பாதையே இல்லை, வெள்ளை மட்டும். அவர் காருக்குள் இருந்தபடியே மலைச் சப்பாத்தைப் போட்டுக்கொண்டார். நான் குனிந்து நாடாவைக் கட்டிவிட்டேன். வீக்கத்தில் கால் உள்ளே போக மறுத்தது. இறங்கிச் சேற்றில் பத்துப் பன்னிரண்டு அடி நடந்து கேற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

பண்ணைக்கார அம்மா றப்பர் பூட்ஸோடு வந்தா. அவரைப் பார்த்ததும் அவவுடைய முகம் மாறியது. பாதையோரமாக ஓடிக்கொண்டிருந்த சின்ன ஓடையைக் காட்டி, இது உங்கட குளத்துத் தண்ணிதான், மேலையிருந்து நேரை வருகுது, இதிலை விடுங்கோ என்றா.

நானும் கெஞ்சினேன். “அதே தண்ணிதானேப்பா. அம்மாவுக்கு விளங்கும்.”

அவர் என்னைப் பார்க்கவில்லை. கேற்றைப் பார்த்தபடி சொன்னார். “கொள்ளியும் வைக்கேல்லை. இதையும் படலைக்கு வெளியிலை வைச்சுக் குடுக்கச் சொல்லுறியோ? அம்மா என்ன பிச்சைக்கே வந்தவ?”

பக்கத்தில் ஓடை ஓடிக்கொண்டிருந்தது. பிறகு அவரே, ஏதோ நல்ல யோசனை வந்தவர்போலத் திரும்பினார். “சித்திரைப் பறுவம் இருக்குதல்லோ. அந்தப் பூரணை எல்லாற்றை செத்துப்போன அம்மாமாருக்கும் உரிய நாள். அதுக்குள்ளை ஒப்பரேசனும் முடிஞ்சிடும், பனியும் கரைஞ்சிடும். அண்டைக்கு வாறன்.” பண்ணைக்கார அம்மாவிடம், கேற் திறக்கிற அன்று போன் பண்ணச் சொன்னார். அவ கையடித்துச் சத்தியம் பண்ணினா. தம்பி எங்கள் இருவருடைய சப்பாத்தையும் கழற்றி வாங்கிக் காரின் பின்பக்கம் வைத்தான். எள்ளுப் பொட்டலத்தையும் அதோடு வைத்தான். அவை அங்கேயே இருக்கட்டும் என்றார் இவர். திரும்ப வரத்தானே போகிறோம்.

ஆஸ்பத்திரியில் பெரிய டொக்டர் வந்து, நெஞ்சின் படம் வரைந்து, நல்லதும் கெட்டதும் விளங்கப்படுத்தினார். இவர் தலையை ஆட்டினார். அவர் போனதும் பக்கத்துக் கட்டிலில் இருந்த வெள்ளைக்காரரிடம் திரும்பி, தன்னுடைய இங்கிலிஷில், நீங்கள் இதே ஒப்பரேசன் செய்து வந்தவரோ, எப்படி இருந்தது என்று கேட்டார். அந்த மனிதர் பஸ் ஓட்டுகிறவர். சட்டையைத் திறந்து தையலைக் காட்டி, கண்ணை மூடினேன், திறந்தேன், தேத்தண்ணி தந்தார்கள், அவ்வளவுதான் என்றார்.

“கேட்டியே?” என்றார் இவர் என்னிடம். “டொக்டர் வைச்சிருக்கிறது வரைபடம். இந்த மனுசன் போய் வந்தவர்.” முகம் தெளிந்துவிட்டது. அன்றைக்கு மாலை முழுக்கச் சித்திரைப் பறுவத்துக்கு என்ன கட்டிக்கொண்டு போவது என்றுதான் பேசினோம். புட்டு வேண்டாம், இடியப்பம் கொண்டுபோவோம், அது குளிரில் கல்லாகாது என்றார்.

அவர் கண் திறக்கவில்லை. பஸ்காரர் அடுத்த நாள் தன் கட்டிலில் இருந்து எழுந்து, தையலைப் பிடித்துக்கொண்டு என்னிடம் வந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். நல்ல மனிதர். அவர் தான் போய் வந்த பாதையைத்தான் சொன்னார்.

எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. தம்பிதான் கிரியை செய்தான். வந்த சனம் எல்லாம் இவருக்காக அழுதது. எனக்கோ இடையிடையே, இங்கு வந்து கலியாணம் கட்டியதால் நான் காணாத அந்த மாமியின், அவருடைய அம்மாவின், நினைவு வந்து நின்றது. இனி அந்த மனுசிக்கு எள் விட ஒருவரும் இல்லை.

போன் வந்தது ஒரு காலையில். முப்பத்தொன்று கழியாத வீடு. துடக்கு, தீட்டு. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடியும்வரை இந்த வீட்டிலிருந்து ஒருவரும் ஒரு கிரியையும் செய்யக்கூடாது. சித்திரைப் பறுவத்துக்கு இன்னும் மூன்று நாள்தான் இருந்தது. குசினியில் பெண்கள் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தார்கள். நான்தான் எடுத்தேன்.

பண்ணைக்கார அம்மா நான் யார் என்றுகூடக் கேட்கவில்லை. மூச்சு வாங்கக் கதைத்தா. “திறந்தாச்சு. அவர் என்னை நிண்ட ஆளெண்டு சொல்லக்கூடாது பாருங்கோ, அதாலை நானே இப்ப மேலை வரைக்கும் காரிலை போய்ப் பாத்திட்டு வாறன். வந்த ஆள் சொல்லுறன் எண்டு சொல்லுங்கோ. குளத்திலை ஒரு துண்டுக் கட்டிகூட இல்லை.”

அந்தச் சொல்லை இவர் அவவுக்கும் சொல்லிக் கொடுத்திருக்கிறார். எனக்கு அது தெரியாது.

நான் சொன்னேன். என் இங்கிலிஷில் அதைச் சொல்ல மூன்று சொல் போதுமாக இருந்தது. மற்றப் பக்கத்தில் நாய் குரைப்பது கேட்டது. பிறகு அவ மெல்லச் சொன்னா: “பாதை இனிக் கோடை முழுக்கத் திறந்துதான் இருக்கும், பிள்ளை.”

போனை வைத்துவிட்டு முன்னறைக்கு வந்தேன். தம்பி நிலத்தில் பாயில் இருந்தான்.

“ஆரக்கா?”

“கேற் திறந்திட்டுதாம்.”

அவன் எழும்பிக் கீழே போனான். காரின் பின்கதவு திறந்து மூடுகிற சத்தம் கேட்டது. திரும்பி ஏறி வந்தவன், வாசலில் கழற்றியிருந்த அத்தனை சனத்தின் செருப்புகளையும் சப்பாத்துகளையும் காலால் ஒதுக்கி இடம் எடுத்து, அத்தானின் மலைச் சப்பாத்தை வைத்தான். கேற்றடிச் சேறு அதில் காய்ந்து ஒட்டியிருந்தது. எள்ளுப் பொட்டலத்தை என்னிடம் நீட்டினான். வாங்கிக்கொண்டேன். அதை எங்கே வைப்பதென்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றேன்.