மஞ்சள் தண்ணீரில் சுருங்கிய இழை

2014 ஆகஸ்ட் 16, சனிக்கிழமை. ஐந்தரைக்கு எழுந்தேன். தேநீர், துணி துவைத்தல், சமையல், பிறகு வகுப்புக் குறிப்புகள். வெள்ளவத்தை மாடிவீட்டில் என் சனிக்கிழமைகள் எல்லாம் இப்படித்தான். மூன்று மணிக்கு உயர்தர இரசாயன வகுப்பு. அன்று மட்டும், நான் படிப்பிக்கும் டியூட்டரியின் உரிமையாளர் பின்வரிசை வாங்கில் இருந்து பார்ப்பதாகச் சொல்லியிருந்தார். பிள்ளைகள் திரையில் படம் காட்டும் புதிய ஆசிரியரிடம் போய்க்கொண்டிருந்தார்கள். என் வார இறுதி வகுப்புகள் எனக்கா, அவருக்கா என்பது அன்றைக்கு முடிவாகும்.

திரையில்லாமல், கண்முன்னே ஒன்றைக் காட்ட நினைத்தேன். பல்கனிச் சிலந்தியிடம் இழைகளை எடுத்து, ஒன்றாகச் சேர்த்து, நுனியில் பொடி மணி ஒன்றைக் கட்டி ஜாம் போத்தலுக்குள் தொங்கவிட்டிருந்தேன். ஈரம் படாதிருக்கச் சப்பாத்துப் பெட்டிகளில் வரும் சிலிக்கா பொட்டலங்களும் போட்டிருந்தேன். வகுப்பில் ஈரத்தூரிகையால் தொட்டால் இழை சுருங்கி மணியைத் தூக்கும்.

மணி நிற்கும் உயரத்தைக் குறிக்க இழையை எடுத்து யன்னல் கம்பியில் மாட்டினேன். அடுப்பில் சோறு பொங்கியது, ஓடினேன். பாமன்கடையில் ஒரு செத்தவீட்டுக்குப் போய்வந்த கணவர், குளித்துவிட்டு அறை அறையாக மஞ்சள் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார். மூலை ஒன்றையும் விடமாட்டார்.

"இஞ்சரும், ஓடியாரும்! உம்மடை மணி தானா மேலை ஏறுது!"

சந்தோஷமாகத்தான் கூப்பிட்டார். நனைந்த இழையை மெல்ல இழுத்து, காயும்வரை பிடித்திருந்தால் பழைய நீளத்துக்கு வந்திருக்கும். அவசரப்பட்டேன், அறுந்தது. சிலந்தியை முதல்நாளே போகவிட்டிருந்தேன்.

காட்டுவதாகச் சொல்லியிருந்த சிலந்தி இழையை வகுப்பில் கரும்பலகையில் வெண்கட்டியால் படமாகக் கீறினேன்.

"மிஸ், சிலந்தி லீவோ?" என்றது பின்வரிசைக் குரல்.

"ஓம், செத்தவீட்டுக்குப் போட்டுது."

எல்லோரும் சிரித்தார்கள். உரிமையாளரும் சிரித்தார். வகுப்பு முடிந்து வாசலில் மட்டும் குரலைத் தாழ்த்தி, "நாளையிலயிருந்து அந்தப் புது ஆசிரியரே எடுக்கட்டும் மிஸ். குறை நினையாதேங்கோ" என்றார்.

இரவு இடியப்பம் சாப்பிடும்போது கணவர் கேட்டார்: "அது ஏனப்பா சுருங்கினது?"

சொன்னேன். இழையின் புரதச் சங்கிலிகளில் அலனின் நிறைந்த துண்டுகள் நெருங்கி அடுக்கிச் சிறு படிகங்களாகின்றன, வலிமை அவற்றால். இடையே கிளைசின் நிறைந்த பகுதிகள் தட்டிலிருந்த இடியப்பம்போல ஒழுங்கில்லாமல் கிடக்கின்றன. ஈ மோதும்போது அவை நீண்டு கொடுப்பதால் வலை அறுவதில்லை. உலர்ந்த இழையில் அவற்றை நீட்டியபடி பிடித்திருப்பவை ஐதரசன் பிணைப்புகள். தண்ணீர் புகுந்தால் அந்தப் பிடி விட்டுப்போகும், சங்கிலிகள் சுருண்டுகொள்ளும்.

அவர் கையிலெடுத்த இடியப்பத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதை நேற்றே சொல்லியிருந்தா அந்தப் பக்கம் தெளிச்சிருக்க மாட்டனே."

ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் சொன்ன இரசாயனத்தில் ஒரு வரியைக்கூட இந்த வீட்டுக்குள் நான் சொன்னதில்லை. அவருக்குப் புரியாது என்று நானே முடிவு செய்திருந்தேன். கைவிட்டுப்போன வகுப்பைவிட அதுதான் அன்றிரவு அதிகம் உறுத்தியது.

மறுநாள் காலை முதல் வேலையாக, வகுப்புப் பையிலிருந்த வெண்கட்டிகளை எடுத்து, இனி வீட்டில் கீறிக் காட்ட உதவும் என்று மேசை லாச்சியை இழுத்து அதற்குள் வைத்தேன்.